வைரவரின் சுருட்டுக்கு எந்த இனம்?

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

இப்படியான அனுபவக் கதைகளை ஓய்வுபெற்றவர்கள் எழுதுவதுதான் வழக்கம். எனக்கு வயது முப்பத்துமூன்று. ஆனால் இந்த வருடம் என்னை வெளிக்கள வேலையிலிருந்து தூக்கிப் பயிற்சி நிலையத்தில் ஒரு மேசையும் மின்விசிறியும் தந்து இருத்திவிட்டார்கள். ஒழுங்கை ஒழுங்கையாக ஸ்கூட்டியில் திரிந்த விவசாயப் போதனாசிரியைக்கு அதுவும் ஓய்வுதான். உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பசளை எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. நான் கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அதில் என்னுடைய பெருமை எப்படிக் கிணற்றுக்குள் விழுந்தது என்பதும் இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் விழுந்த ஆழம் விளங்கும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போய் முடித்தவள் நான்தான். பல்கலைக்கழகம் போனவளும் நான்தான். அப்பா மற்றவர்களின் தோட்டங்களுக்குக் கூலிக்குத் தண்ணீர் இறைத்தவர். அதனால் வேலை கிடைத்த முதல் வருடம் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை நான் கழற்றியதேயில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கும் அதோடுதான் போனேன். சாமி கும்பிட நின்றபோது பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர், "பிள்ளை, செருப்பு எங்கை விடுறது?" என்று என்னிடம் கேட்டார். தொண்டர் என்று நினைத்துவிட்டார். அப்படியும் கழற்றவில்லை.

இனி வசந்தி அக்காவுக்கு வருவோம். ஐம்பதைத் தாண்டியவர். கடல்நீரேரிக்குக் கிட்ட ஒரு கிராமத்தில் அவருடைய வீடு. அலுவலகப் பதிவின்படி நான் அங்கே போனது கத்தரிக்கன்று பார்க்க. கத்தரியைப் பார்த்து முடித்து ஸ்கூட்டியைத் திருப்பும்போது அவர் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, ஒண்டு கேட்டால் கோவிக்க மாட்டீரே?"

"கேளுங்கோ அக்கா."

"வீட்டு வளவுக்கை கொஞ்சப் புகையிலை வைக்க வேணும். எந்த இனம் வைக்கலாம்?"

எங்கள் அலுவலகம் புகையிலை வைக்கச் சொல்வதில்லை. அதை விட்டு வேறு பயிருக்குப் போங்கள் என்று சொல்லத்தான் சம்பளம் தருகிறார்கள். உடம்புக்கு அது என்ன செய்யும் என்று பள்ளிக்கூடங்களில் நானே பேசியிருக்கிறேன். அதையே அக்காவுக்கும் சொல்லத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"உது மனிசருக்கு, பிள்ளை. இது வைரவருக்கு."

வளவின் பின்பக்கம் ஒரு பூவரச மரத்தின் கீழ் கல்லும் அதில் நட்ட சூலமும் இருந்தன. அக்காவின் அப்பா வைத்த வைரவர். வருடத்தில் ஒருமுறை வைகாசியில் மடை போடுவார்கள். பொங்கல், வடைமாலை, இளநீர், அதோடு ஒரு சுருட்டு. அந்தச் சுருட்டின் இலையைக் கடையில் வாங்கக் கூடாது, சூலம் இருக்கிற வீட்டார் தங்கள் கையால் வளர்த்ததாக இருக்க வேண்டும் என்பது அப்பாவின் வழக்கம். கொளுத்திச் சூலத்தடியில் வைத்தால் அது அணையாமல் எரிந்து முடிய வேண்டும். நடுவில் அணைந்தால் வைரவர் முகத்தைத் திருப்பிவிட்டார் என்று அர்த்தம்.

அப்பா இருந்தவரை இணுவில் பக்கத்தில் இருந்த செம்மண் தோட்டத்தில்தான் அந்த இலையை வளர்த்தார். அவர் போன பிறகு தோட்டம் மகனுக்கு, வீடும் வளவும் முன்பே சீதனமாக மகளுக்கு. எங்கள் பக்கத்தில் இது வழமையான பங்கீடுதான். பங்கிடப்படாமல் நின்றது சூலம் மட்டும்.

"வீட்டையும் வளவையும் உறுதி எழுதித் தந்தவர். சூலத்தை ஆரும் உறுதியிலை எழுதுவினமே?" என்றார் அக்கா. "அண்ணை சொல்லுறான், சாமி ஆம்பிளைப் பிள்ளையின்ரை வீட்டிலைதான் இருக்க வேணுமாம். அங்கை ஒரு குட்டிக் கோயிலும் கட்டிப் போட்டான். மாபிளும் பதிச்சாச்சு. சூலம் மட்டும்தான் குறை."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"அப்பா பாயோடை கிடந்த காலமெல்லாம் அந்த விளக்கைக் கொளுத்தினது நான். தரமாட்டன் எண்டன். அப்ப அவன் சொன்னான், சரி, இந்த முறை நீ உன்ரை வளவிலை வளத்து, நீயே மடையைப் போடு, சுருட்டு எரிஞ்சு முடிஞ்சால் சூலம் உனக்கு, அணைஞ்சால் எனக்கு எண்டு. நானும் வாய் விட்டிட்டன்."

அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்து வரும் முதல் மடை அது. இப்போது விளங்குகிறதா, அக்கா என்னிடம் கேட்டது சாதாரணப் பயிர் ஆலோசனை அல்ல. எனக்கும் விளங்கியது. விளங்கியதும் நான் செய்திருக்க வேண்டியது பயப்படுவது. நான் செய்தது மகிழ்ந்தது. வைரவரே என்னிடம் ஆலோசனைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த கிழமை மூன்று இனங்களின் இலையோடு போய் அக்காவின் விறாந்தையில் பரப்பினேன். ஒன்று வெற்றிலையோடு வாய்க்குப் போடுகிற தடித்த இலை. இன்னொன்று சுருட்டின் உள்ளுக்கு வைக்கிற நடுத்தர இலை. மூன்றாவது மெல்லிய, நீளமான, நரம்பு தெரியாத இலை. தெற்கே ஒரு தோட்டக்காரரிடமிருந்து சிபாரிசு பிடித்து எடுத்தது. அழகாக எரியும், வெள்ளைச் சாம்பல் விழும் என்று படித்திருந்தேன்.

அக்காவும் அவருடைய கணவர் தேவண்ணையும் என் முன்னால் பிள்ளைகள் மாதிரி இருந்து கேட்டார்கள். நான் இலையின் கனம், நரம்பு, எண்ணெய்த்தன்மை என்று ஒரு விரிவுரையே நடத்தினேன். தேவண்ணை அதிகம் பேசாத மனிதர். முடிவில் தடித்த இலையை எடுத்து மணந்து பார்த்து, "இது நல்ல வாசம்" என்றார்.

"அது வாய்க்குப் போடுறது அண்ணை. எங்களுக்கு எரியிறதெல்லோ வேணும்" என்று அவருடைய கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தேன். ஆசிரியை மாதிரி.

பிறகு முக்கியமான கேள்வியைக் கேட்டேன். கேட்டேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் என்னைக் காப்பாற்ற எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

"அக்கா, கிணறு எப்பிடி?"

"கிணறுக்கு என்ன பிள்ளை, நல்ல ஊத்து. எந்தக் கோடைக்கும் வத்தினதில்லை. ஊர் முழுக்க அள்ளினாலும் குறையாது."

சொல்லிக்கொண்டே தேநீரை நீட்டினார். அருமையான தேநீர். அந்த வீட்டில் நான் குடித்த தேநீர் எல்லாமே அருமை. மண்ணை எடுத்துச் சோதிக்க அனுப்பினேன். தண்ணீரை எடுக்கவில்லை. உப்பு அளக்கும் கருவி அலுவலக அலுமாரிக்குள் இருந்தது. ஆனால் தேநீரைக் குடித்துக்கொண்டே அந்த வீட்டுக் கிணற்றைச் சோதிப்பது, பெண் பார்க்கப் போன இடத்தில் பல்லை எண்ணிப் பார்ப்பது மாதிரி இருந்தது எனக்கு. அதோடு, நாக்கே சொல்கிறதே, நல்ல தண்ணீர் என்று.

மெல்லிய இலைதான் முடிவாயிற்று. மழை விட்டதும் கிணற்றடியில் நட்டார்கள்.

அது வளர்ந்த அழகை நான் எப்படிச் சொல்ல. வாழைக்குப் போட்டியாக வளர்ந்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் படம் எடுத்துக் கூடப் படித்தவர்களின் குழுவில் போட்டேன். "என்ன பயிர்?" என்று கேட்டவர்களுக்கு "இரகசியம்" என்று எழுதினேன். அலுவலகத்தில் தெரியக் கூடாதே. பூ வரும்போது தலையை முறிக்கச் சொன்னேன். பக்கத்தில் வெடித்த கிளைகளை அக்கா காலையும் மாலையும் கிள்ளினார். இலையை வெட்டி, நிழலில் தொங்கவிட்டு, பதம் வந்ததும் எடுத்தபோது அது கையில் பட்டு மாதிரி வழிந்தது. கொஞ்சமும் நொறுங்கவில்லை. அந்தச் சித்திரை வெயிலிலும் ஈரம் தொட்ட மாதிரி மெத்தென்று இருந்தது.

"பாத்தீங்களோ அக்கா, இதுதான் இனத்தின்ரை தரம்" என்றேன்.

தம்பி தங்கைகளே, அது தரம் அல்ல. அது உப்பு. உப்பு ஏறிய இலை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு நனைந்த மாதிரியே கிடக்கும். இதைப் பற்றி நான் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். "நீரில் குளோரைட்டு கூடினால் புகையிலை இலை எரியும் தன்மையை இழக்கும், ஆராய்க." ஆராய்ந்து நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். பரீட்சைத் தாளில் ஆராய்ந்த ஒன்று விறாந்தையில் வந்து கையில் வழிந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இதற்கிடையில் அண்ணன் குகன் ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து கிணற்றடியைப் பார்த்தார். பெரிய உருவம், வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மிஸ்தானோ இந்த இனத்தைத் தெரிவு செய்தது?"

"ஓம்."

"இலை வடிவாத்தான் கிடக்கு" என்றார். பிறகு தங்கையிடம் திரும்பி, "சூலத்தைப் பிடுங்கேக்கை கல்லையும் சேத்துத்தான் எடுக்க வேணும், என்ன?" என்றார்.

"உன்ரை குட்டிக் கோயிலிலை கோழியை அடை" என்றார் அக்கா.

மடைக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஒத்திகை பார்க்கலாம் என்று சொன்னவள் நான்தான். சந்தேகத்தால் அல்ல. வெள்ளைச் சாம்பலைப் படம் பிடிக்க ஆசை. வைரவருக்கு முன்பு மனிதர் தொடக்கூடாது என்று அக்கா மறுத்தார். வைரவருக்கு உச்சி இலை, மனிதருக்கு அடி இலை என்று நான் ஒரு சமாதானம் சொன்னேன். தேவண்ணை ஒரு சுருட்டைச் சுற்றினார். இளவயதில் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர், கைப்பழக்கம் போகவில்லை. வாயில் வைத்து, நெருப்புக்குச்சியை உரசினார்.

சுருட்டு 'ஸ்ஸ்' என்றது. நுனி கறுத்தது. அணைந்தது.

"காத்து" என்றேன்.

அறைக்குள் போனோம். மறுபடியும் உரசினார். 'ஸ்ஸ்.' கறுப்பு. அணைவு.

"இழுக்கிற இழுவை காணாது" என்றேன்.

தேவண்ணை கன்னம் இரண்டும் உள்ளே போகிற அளவுக்கு இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, புகை வரவில்லை. நான் என்னுடைய கைத்தொலைபேசியைப் படத்துக்காக உயர்த்திப் பிடித்தபடியே நிற்கிறேன். பெட்டியிலிருந்த குச்சிகள் ஒவ்வொன்றாக முடிந்தன. கடைசிக் குச்சி தேவண்ணையின் விரலைச் சுட்டது. அவர் சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிள்ளை, விரலுக்குப் பத்தின நெருப்பு உதுக்குப் பத்தேல்லை."

அக்கா நிலத்தில் இருந்துவிட்டார். "வைரவர் இப்பவே முகத்தைத் திருப்பிட்டார்" என்றார், மெதுவாக.

அப்போதுதான் தேவண்ணை உதட்டை நக்கிவிட்டு, "கரிக்குது" என்றார். எனக்கு அந்தப் பரீட்சைத் தாள் அப்படியே கண்ணுக்கு முன்னால் விரிந்தது. எழுந்து கிணற்றடிக்கு ஓடி, வாளியில் அள்ளி, உள்ளங்கையில் ஏந்திக் குடித்தேன். குடித்ததைத் துப்பினேன்.

"அக்கா, இது உவர்த் தண்ணியெல்லோ!"

"ஓம்."

"நல்ல கிணறு எண்டு சொன்னீங்கள்?"

"வத்தாது எண்டு சொன்னன். வத்திச்சுதே?"

"அப்ப தேத்தண்ணி?"

"அது கோயில் கிணத்துத் தண்ணி. இவர் விடிய சைக்கிளிலை குடத்தைக் கட்டிக்கொண்டு போய் எடுத்து வாறவர். வீட்டுக்கு வாற ஆளுக்கு உவர்த் தண்ணியிலையோ தேத்தண்ணி குடுக்கிறது?"

இந்த இடத்தில் நான் அக்காவைக் குற்றம் சொல்ல முடியாது. காரணம் இதுதான். தீவில் நான் பிறந்த வீடும் உவர்க் கிணற்று வீடு. எங்கள் அடுக்களையில் ஒரு மண்பானை தனியாக இருக்கும், வருகிற ஆட்களுக்கென்று. தோளில் குடம் வைத்து நான்தான் தூர இருந்து கொண்டுவருவேன். பல்கலைக்கழகத்திலிருந்து தோழிகள் வந்து நின்ற இரண்டு நாளும் அவர்கள் முகம் கழுவக்கூட நல்ல தண்ணீர்தான். ஒருத்தி, "உங்கடை கிணத்துத் தண்ணி என்ன ருசி!" என்றாள். நான் "ஓம், நல்ல ஊத்து" என்றேன். அச்சு அசலாக அதே வசனம். தீவிலிருந்து வந்த ஒரு பிள்ளை, இன்னொரு வீட்டில் தந்த தேநீரைக் குடித்துவிட்டுக் கிணற்றுக்குச் சான்றிதழ் எழுதினாள் என்றால், அவளுடைய படிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சரி, பிழை நடந்துவிட்டது. நெருக்கடியில் என்ன செய்கிறோம் என்பதுதான் எங்கள் வேலை. நான் செய்தது, முதலில் கெட்டித்தனமான யோசனைகளை அடுக்கியது.

"அக்கா, வெடியுப்பைக் கரைச்சு இலையிலை தெளிச்சால் எரியும். சுருட்டுக்காரர் சிலர் செய்யிறவை."

"வைரவருக்குச் சீனவெடியோ குடுக்கச் சொல்லுறீர்?"

"அப்ப இணுவிலிலை நல்ல இலையாப் பாத்து..."

"வாங்கிக்கொண்டு வந்து, என்ரை வளவிலை வளந்தது எண்டு அப்பாவின்ரை சூலத்துக்கு முன்னாலை நிண்டு சொல்லவோ? அதுக்கு அண்ணையிட்டையே குடுத்திடலாம்."

இரண்டும் போயிற்று. அக்கா அழவில்லை. வெட்டிய இலைக்கட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அழுகையை மறைக்க நான் எப்போதும் பாடம் நடத்துவேன். அன்றும் நடத்தினேன்: உவர்த் தண்ணீரில் வளர்ந்த இலை பழுதானது அல்ல, எரியத்தான் மாட்டாது, வாய்க்குப் போடுகிறவர்கள் இதைத்தான் விரும்பிக் கேட்பார்கள், அதற்கென்று வேறு இனமும் இருக்கிறது, முதலிலேயே அந்தத் தடித்த இலையை வைத்திருந்தால்... என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

அக்கா இலையில் ஒரு நுனியைக் கிள்ளி, மடியிலிருந்த வெற்றிலையில் வைத்து மடித்து வாயில் போட்டார். நான் பேசி முடிக்கும்வரை மென்றார். எழும்பிப் போய் வேலியோரம் துப்பிவிட்டு வந்தார்.

"வெள்ளிக்கிழமை மடைக்கு நீரும் வாரும்" என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை போவதில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். தலையிடி என்று சொல்லலாம். கூட்டம் என்று சொல்லலாம். கூட்டம் எங்கள் தொழிலில் எப்போதும் கைகொடுக்கும். கடைசியில் போனேன். அடையாள அட்டையை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

பூவரச மரத்தடியில் பொங்கல் இறக்கியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து நிறைந்திருந்தார்கள். குகன் அண்ணை வேட்டி கட்டி, விபூதி பூசி, முன்வரிசையில் நின்றார். கையில் புது நெருப்புப்பெட்டி.

"பெட்டியும் நானே வாங்கிவந்தனான்" என்றார் எல்லோருக்கும் கேட்க. "பேந்து குச்சி ஈரம் எண்டு கதை வரக்கூடாது."

படையலைப் பார்த்தார். பொங்கல் இருந்தது, வடைமாலை இருந்தது, இளநீர் இருந்தது. ஒரு தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, பக்கத்தில் மடித்து வைத்த புகையிலை.

"சுருட்டு எங்கை?"

"சுருட்டு இல்லை" என்றார் அக்கா.

"என்ன இல்லை?"

"அப்பா சுருட்டுப் பத்தினவர். தான் பத்தினதை வைரவருக்குக் குடுத்தவர். நான் வெத்திலை போடுறனான். நான் போடுறதை நான் குடுக்கிறன். இலை இந்த வளவிலை என்ரை கையாலை வளத்தது."

"உது நீ இப்ப கண்டுபிடிச்ச சட்டம்."

"அணைஞ்சால் சூலத்தைத் தூக்குறன் எண்டது ஆர் கண்டுபிடிச்சது? அப்பாவோ?"

பின்னால் யாரோ இருமினார்கள். தேவண்ணை இளநீரை நேராக வைப்பதில் கவனமாக இருந்தபடியே, "பத்தவைச்சால்தானே மச்சான் அணையும்" என்றார்.

குகன் அண்ணையின் முகம் வெற்றிலைச் சிவப்புக்கு வந்தது. சுற்றிப் பார்த்தவரின் கண் என்னில் விழுந்தது.

"மிஸ், நீங்கள் படிச்சனீங்கள். பொய் சொல்லமாட்டீங்கள். இந்த இலை எரியுமோ, எரியாதோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும்தான். எரியும் என்றால், கொளுத்திக் காட்டு என்பார். எரியாது என்றால், வைரவர் ஏற்கவில்லை, அதை மறைக்க வெற்றிலை வைத்தார்கள் என்றாகிவிடும். "அது பல காரணிகளில் தங்கியிருக்கிறது" என்று சொல்லவும் எனக்குப் பயிற்சி இருந்தது. கூட்டங்களில் அப்படித்தான் தப்புவேன். ஆனால் அது எரியுமா எரியாதா என்பதல்ல அங்கே கேள்வி. யார் பிழை என்பதுதான். அது வைரவரின் கோபமா, அக்காவின் கைராசியா என்று ஊர் முடிவு கட்டுவதற்கு முன்பு, அதற்கு வேறொரு சொந்தக்காரி தேவைப்பட்டாள்.

"எரியாது அண்ணை" என்றேன். "இந்த வளவிலை எந்தச் சாமிக்கு வளத்தாலும் எரியாது. கிணறு உவர். உவர்த் தண்ணியிலை வளந்தது எரியாது. எனக்கு அது படிப்பிச்சவை. நான் கிணத்தைக் குடிச்சுப் பாக்காமல், அக்கா தந்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டு இனம் தெரிஞ்சு குடுத்தனான். பிழை என்னிலைதான்."

குகன் அண்ணை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டோ?"

"ஓம்."

"கோயில் கிணத்துத் தண்ணித் தேத்தண்ணியை?"

"ஓம்."

முதலில் அவருடைய வயிறு குலுங்கியது. பிறகு தோள். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "நாங்கள் சின்னனிலை இந்தக் கிணத்திலை குளிச்சால் தலைமயிர் துடைப்பங்கட்டை மாதிரி நிக்கும். சவுக்காரம் நுரைக்காது. மிஸ், நீங்கள் ஒருக்கால் முகத்தைக் கழுவியிருந்தாலே காணுமே!"

அவர் சிரிக்க, அவருடைய மனைவி சிரிக்க, இருமிய ஆள் சிரிக்க, மரத்தடி முழுவதும் சிரித்தது. நானும் ஓர் ஓரத்தில் சிரித்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. எனக்குக் காது சுட்டது. ஒருவர் பக்கத்தில் நின்றவருக்கு மறுபடியும் முதலிலிருந்து சொன்னார், அவர் கேட்கத் தவறிவிட்டாராம். அந்தச் சிரிப்பில் சுருட்டையும் பந்தயத்தையும் பற்றிக் கதைக்க ஆளில்லாமல் போய்விட்டது. ஊருக்குச் சொல்ல அதைவிட நல்ல கதை கிடைத்துவிட்டது.

வசந்தி அக்கா சிரிக்கவில்லை. அண்ணனின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"கொண்டந்ததை ஏன் சும்மா பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய், அண்ணை? கற்பூரத்தைக் கொளுத்து. வடை ஆறுது."

குகன் அண்ணை சூலத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பிறகு குனிந்து, அந்தக் குச்சியை உரசிக் கற்பூரத்தைக் கொளுத்தினார். எல்லோரும் கும்பிட்டோம்.

படையல் பிரிக்கும்போது அவர் தட்டத்திலிருந்து ஒரு வெற்றிலையும் ஒரு துண்டுப் புகையிலையும் எடுத்து வாயில் போட்டார். மென்றார். மறுபடியும் கையை நீட்டினார். அக்கா, "காணும், வைரவருக்கும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று தட்டத்தை இழுத்துக்கொண்டார். சூலம் அந்த மரத்தடியிலேயே இருக்கிறது. குட்டிக் கோயிலில் இப்போது ஒரு பிள்ளையார் இருக்கிறாராம். அவருக்குச் சுருட்டுப் பழக்கம் இல்லை.

அடுத்த பருவம் அக்கா தடித்த இலை இனத்தை வைத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் "மிஸ்தான் தெரிஞ்சு தந்தவ" என்று சொல்லியிருக்கிறார். நான் மறுக்கவில்லை. அவ்வளவு சிரிப்பைத் தாங்கியவளுக்கு இந்தளவு பொய்ப் புகழாவது வேண்டாமா?

இனி நீங்கள் இனம் தெரிந்து கொடுக்கும்போது இலையைப் பார்க்க முதல் கிணற்றைப் பாருங்கள். கிணறு எப்படி என்று கேட்காதீர்கள், எங்கள் ஆட்கள் கிணற்றைப் பற்றி உண்மை சொல்வது கஷ்டம். கருவியைப் பையில் வைத்திருங்கள், அதற்கு முதல் தண்ணீரை நாக்கில் வையுங்கள். பிழை விட்டால் அது யாருடைய தலையில் விழப்போகிறது என்று பார்த்து, முந்திக்கொண்டு உங்கள் தலையைக் கொடுங்கள். உங்கள் தலைக்குச் சம்பளம் வருகிறது.

எனக்கு அந்தக் கிராமத்தில் 'கிணத்து மிஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது. வெளிக்கள வேலையின் கடைசிக் கிழமை அங்கே ஒரு வீட்டுக்கு மிளகாய் பார்க்கப் போனேன். ஸ்கூட்டியை நிறுத்தக்கூட இல்லை, வீட்டுக்கார அம்மா படலையடிக்கே வந்துவிட்டார். கையில் தேநீர் இல்லை. ஒரு செம்பு தண்ணீர்.

"இந்தாங்கோ மிஸ், எங்கடை கிணத்துத் தண்ணி. படு உவர். குடிச்சிட்டுக் கதையுங்கோ."

வாங்கிக் குடித்தேன். படு உவர்தான்.